கீமோ ஆய்வாளர் ஒருவரின் சைட்டேஷன் எண்ணை எப்படிப் படிப்பது?

போன மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு என் சித்தி மகள் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். ஆய்வுக் கட்டுரைகளையும், அவற்றை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் (அதுதான் சைட்டேஷன்) என்பதையும் காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கம். ஒரு புற்றுநோய் மருத்துவரின் பெயர், பக்கத்தில் வருடா வருடம் உயர்ந்துகொண்டே போகும் பட்டைகள், கீழே அவள் கேள்வி: "அண்ணா, இவருக்கு சைட்டேஷன் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கு. அம்மாவை இவர்கிட்டயே காட்டிடலாமா?" சித்திக்கு மார்பில் கட்டி, அறுவைக்குப் பிறகு கீமோ வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகியது; மாணவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்பார்கள், "சார், இவர் பேப்பர் ரொம்ப சைட் ஆகியிருக்கு, அப்போ இது சரியாத்தான் இருக்கும் இல்லையா?" என்று. அந்த நாலாயிரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே சொல்லாது என்று அவளுக்கு விளக்கப்போய் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இணையமும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும்.

முதல் படி: பழக ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் போய்ப் பார்க்கப்போகும் மருத்துவரை வைத்துப் பழக ஆரம்பிக்காதீர்கள். பயத்தோடு பார்த்தால் எல்லா எண்ணும் பெரிதாகவே தெரியும். வாழ்ந்து முடித்த ஒருவரை எடுங்கள், அவர் எழுதியது எந்த அளவு நின்றது என்று காலம் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும்.

நான் எப்போதும் எடுப்பது ஜியானி பொனடோனாவை. இத்தாலியர், 1934இல் பிறந்தார், 2015இல் இறந்தார், வேலையின் பெரும்பகுதி மிலானில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில். கீமோ வார்டில் ஒரு நாள் நின்றவர்களுக்குக்கூட இவருடைய வேலை தெரியும், பெயர்தான் தெரியாது. ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு இவர் குழுவினுடையது. மார்பகப் புற்றுநோயில் அறுவைக்குப் பிறகு கொடுக்கும் சிஎம்எஃப் என்ற மூன்று மருந்துக் கூட்டை, சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளூரோயுராசில், முறையாகச் சோதித்துக் காட்டியதும் இவர்தான்.

இரண்டாம் படி: அந்தப் பெயர் அந்த ஆள்தானா?

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்துக்குப் போங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, காசு கிடையாது. தேடல் கட்டத்தில் குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, முன்னெழுத்து, கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் ஏ, யூ என்ற இரண்டு ஆங்கில எழுத்து. இப்படிப் போட்டால் ஆசிரியர் பெயரில் மட்டும் தேடும். இல்லாவிட்டால் கட்டுரைக்குள் எங்கேயாவது அந்தச் சொல் வந்தாலும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். முன்னெழுத்தை விட்டுவிட்டால் பொனடோனா என்ற அதே குடும்பப் பெயருடைய நீரிழிவு ஆய்வாளரின் கட்டுரைகளும் சேர்ந்து வரும். அதைக் கவனிக்காமல் கூட்டினால் இரண்டு பேரின் உழைப்பு ஒருவர் கணக்கில்.

நம் ஊர்ப் பெயர்களில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அந்த ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று அப்பா பெயரை முழுசாக எழுதச் சொல்லும். ஒரே ஆள் மூன்று பெயரில் சிதறிக் கிடப்பார், அல்லது எஸ். குமார் என்ற பெயரில் முப்பது பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள். இதற்காகத்தான் 2012இல் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. மருத்துவரின் ஆர்கிட் எண் கிடைத்தால் அதையே பிடித்துக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் நிறுவனம், ஊர், கூட்டு ஆசிரியர்கள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதை அந்த ஆளேதான் நிர்வகிக்கிறார், தானாகச் சேரும் தவறான கட்டுரைகளை நீக்கும் பொறுப்பும் அவருடையது. எல்லோரும் நீக்குவதில்லை.

மூன்றாம் படி: எந்த வகைக் கட்டுரை?

புதிதாக வருபவர்கள் தாண்டிப்போகிற இடம் இது. சைட்டேஷன் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டுரையின் வகையைப் பாருங்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனையா, பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதியதா, மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்த மறுபார்வையா, அளவுகோல் வகுத்துக் கொடுத்த கட்டுரையா?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கையில் எப்போதும் ஜெயிப்பது கண்டுபிடிப்பு இல்லை, கருவி. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைப் பற்றி லவ்ரி என்பவரும் சகாக்களும் 1951இல் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேலே. புற்றுநோயில் இதே மாதிரி ஒன்று ரெசிஸ்ட் என்ற அளவுகோல்: கட்டி எத்தனை சதவீதம் சுருங்கினால் மருந்து வேலை செய்தது என்று எடுத்துக்கொள்வது என்பதற்கான விதிகள், 2000இல் வந்தது, 2009இல் திருத்தினார்கள். யார் எந்த மருந்தைச் சோதித்தாலும் அதை மேற்கோள் காட்டியே ஆகவேண்டும், அதனால் எண் எகிறும். இன்னொரு உதாரணம், ஆய்விதழ்களை அவற்றின் சராசரி மேற்கோளை வைத்து வரிசைப்படுத்தும் இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலில் பல வருடமாக உச்சியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்விதழ். அங்கே வரும் ஆண்டுப் புள்ளிவிவரத்தைத்தான் எல்லோரும் தங்கள் கட்டுரையின் முதல் வரியில் போடுகிறார்கள், பெரிய காரணம் அதுதான்.

என் தங்கை அனுப்பிய மருத்துவருக்கு வந்த நாலாயிரத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு சிகிச்சை வழிகாட்டுதல் கட்டுரைக்கு. அதில் அறுபது சொச்சம் ஆசிரியர்கள், இவர் நடுவில் எங்கேயோ. தப்பு ஒன்றும் இல்லை, அந்தக் குழுவில் கூப்பிடுகிறார்கள் என்றாலே துறையில் மதிப்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் நாலாயிரமும் அவர் செய்த ஆய்வுக்கு வந்தது என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆசிரியர் வரிசையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மருத்துவக் கட்டுரைகளில் வழக்கமாக முதல் பெயர் வேலையை முன்னின்று செய்தவர், கடைசிப் பெயர் மூத்தவர் அல்லது துறைத் தலைவர். பொனடோனாவின் 1976 கட்டுரையில் முதல் பெயர் அவர், கடைசிப் பெயர் அறுவை மருத்துவர் உம்பெர்த்தோ வெரோனேசி. நடுவில் வாலகுஸா என்று ஒரு பெயர் வரும். 1976, 1981, 1995 என்று முக்கியமான கட்டுரைகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது. நடுவில் வருகிறவர்கள் எல்லாரும் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான்காம் படி: சுருக்கத்தைப் பென்சிலோடு படியுங்கள்

1976 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அந்தக் கட்டுரையைத் திறந்து சுருக்கத்தை மட்டும் படியுங்கள். ஒரு பத்திதான். அக்குளில் இருக்கும் நெறிகட்டிகளுக்கு நோய் பரவியிருந்த பெண்கள், எல்லோருக்கும் மார்பகம் அகற்றும் அறுவை ஆகிவிட்டது. ஒரு குழுவுக்கு அதோடு சரி, இன்னொரு குழுவுக்கு மாதக்கணக்கில் சிஎம்எஃப். 27 மாதம் கழித்துப் பார்த்தால் கீமோ இல்லாத 179 பேரில் 24 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியிருந்தது. கீமோ எடுத்த 207 பேரில் 5.3 சதவீதம்.

இப்போது பென்சில். 24இலிருந்து 5.3 போனால் 18.7. அதாவது நூறு பேருக்குக் கொடுத்தால் அந்தக் காலத்துக்குள் சுமார் 19 பேருக்கு நோய் திரும்பவில்லை. இதையே விகிதமாகச் சொன்னால் 'ஆபத்து 78 சதவீதம் குறைந்தது' என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே கணக்குதான், ஆனால் பத்திரிகைக்காரருக்கும் மருந்துக் கம்பெனி ஆளுக்கும் இரண்டாவதுதான் பிடிக்கும். நீங்கள் எப்போதும் முதலாவதைக் கேளுங்கள்: நூறு பேரில் எத்தனை பேர்?

அடுத்து, எத்தனை காலம் பார்த்தார்கள்? 27 மாதம் என்பது மார்பகப் புற்றுநோய்க்கு மிகக் குறைவு, பத்து வருடம் கழித்தும் திரும்பும் நோய் அது. எதை அளந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் திரும்பியதையா, மரணத்தையா? 1976இல் அளந்தது நோய் திரும்பியதை. கடைசியாக, அந்தச் சுருக்கத்தில் எல்லா உட்பிரிவுகளிலும் பலன் தெரிந்தது என்று ஒரு வாக்கியம் இருக்கும், அதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

ஐந்தாம் படி: அதே ஆள் பிறகு என்ன எழுதினார்?

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995இல் அதே ஆய்விதழில் பொனடோனா அதே பெண்களைப் பற்றி மறுபடி எழுதினார், கிட்டத்தட்ட இருபது வருடம் பின்தொடர்ந்த பிறகு. நோய் திரும்பும் ஆபத்து ஒப்பீட்டளவில் 0.65, இறக்கும் ஆபத்து 0.76. அதாவது முறையே 35 சதவீதமும் 24 சதவீதமும் குறைவு. 1976இல் 78 என்று தெரிந்தது இருபது வருடத்தில் 35 ஆகிவிட்டது. இதைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வானத்தைத் தொடும் எண்கள் காலம் போகப் போக இறங்குவது கீமோ ஆய்வில் சகஜம், சில நோயாளிகளுக்கு நோய் வராமல் போவதில்லை, தள்ளித்தான் போகிறது. இறங்கிய பிறகும் 35 என்பது சின்ன விஷயமில்லை. இருபது வருடம் விடாமல் தேடிப் பிடித்து, இறங்கிய எண்ணையும் அதே ஆய்விதழில் போட்டார் பாருங்கள், அதைத்தான் நான் மதிக்கிறேன்.

அடிக்கோடு போட்ட வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? 1995 கட்டுரை சொல்கிறது: மாதவிடாய் நின்ற பெண்களைத் தவிர மற்ற உட்பிரிவுகளில் பலன் இருந்தது. 'எல்லோருக்கும்' என்பது 'இவர்களைத் தவிர' ஆகிவிட்டது. சரி, அப்போது வயதான பெண்களுக்குக் கீமோ வீணா? அங்கேயும் நிறுத்த முடியாது. ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஒரு கூட்டுக் குழு உலகம் முழுக்க நடந்த இத்தகைய சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 1998இல் லான்செட் ஆய்விதழில் வெளியிட்டது. பல மருந்துக் கீமோவால் 50 வயதுக்குக் கீழே நோய் திரும்புவது சுமார் 35 சதவீதம் குறைந்தது, 50 முதல் 69 வரை சுமார் 20 சதவீதம். பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. மிலானின் நானூறு பேருக்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. 1976 கட்டுரையை மட்டும் படித்தவர், 1995ஐ மட்டும் படித்தவர், 1998ஐப் படித்தவர் மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசுவார்கள், மூன்று பேர் கையிலும் ஏகப்பட்ட சைட்டேஷன் உள்ள கட்டுரை இருக்கும்.

இதைச் செய்வது எப்படி? பப்மெட்டில் கட்டுரையின் பக்கத்திலேயே கீழே 'இதை மேற்கோள் காட்டியவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் அதே மாதிரி ஓர் இணைப்பு உண்டு, அதை அழுத்தி, அந்தப் பட்டியலுக்குள் ஆசிரியர் பெயரையே போட்டுத் தேடுங்கள். தன் பழைய கட்டுரையைப் பற்றிப் பின்னாளில் அவர் என்ன சொன்னார் என்று வந்துவிடும்.

ஆறாம் படி: மேற்கோள் காட்டியவர்கள் பாராட்டினார்களா, திட்டினார்களா?

கணக்கு எடுக்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

1981இல் பொனடோனாவும் வாலகுஸாவும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். அதே சிஎம்எஃப் நோயாளிகளில் திட்டமிட்ட அளவில் 85 சதவீதத்துக்கும் மேல் மருந்து எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள், 65 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்கள் கீமோவே எடுக்காதவர்கள் மாதிரிதான் இருந்தார்கள் என்றார்கள். ரொம்பவும் பேசப்பட்ட கட்டுரை, இன்றைக்கும் டோஸைக் குறைக்காதீர்கள் என்று சொல்கிறவர்கள் இதை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், யார் எவ்வளவு டோஸ் எடுப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. உடம்பு தாங்கியவர்கள் முழுசாக எடுத்தார்கள், தாங்காதவர்கள் விட்டார்கள். உடம்பு நன்றாக இருந்ததால் பிழைத்தார்களா, மருந்து முழுசாகப் போனதால் பிழைத்தார்களா? 1983இல் ரெட்மண்ட், ஃபிஷர், வீயன்ட் என்ற மூவர் இந்த வழிமுறைச் சிக்கலையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவும் 1981 கட்டுரைக்கு ஒரு சைட்டேஷன்தான்!

ஆகவே, மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒரு பத்தையாவது திறந்து, அந்தப் பெயர் வரும் வாக்கியத்தைப் படியுங்கள். பாதிக்கு மேல் 'இதைப் பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர்' என்று கொத்தாகத் தூக்கிப் போட்டதாகத்தான் இருக்கும், பந்தியில் எல்லா இலையிலும் வைக்கிற ஊறுகாய் மாதிரி. அது ஒன்றுக்கும் உதவாது. முறையைப் பின்பற்றினோம், முடிவை உறுதி செய்தோம், எங்களுக்கு அப்படி வரவில்லை, இந்த மூன்று வகை வாக்கியங்களைத் தேடுங்கள்.

ஏழாம் படி: எண்கள்

இப்போதுதான் எண். மூன்று இடத்தில் பார்த்தால் மூன்று எண் வரும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள், அச்சுக்கு முந்தைய வரைவு எல்லாவற்றையும் எண்ணும், அதனால் எப்போதும் கூடுதல். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணும், அவற்றுக்குச் சந்தா வேண்டும், கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். ஒருவரை ஸ்காலரிலும் இன்னொருவரை ஸ்கோபஸிலும் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

எச் இண்டெக்ஸ் என்பது ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். 100, 40, 9, 4, 3 என்று இருந்தால் நான்காவது கட்டுரைக்கு நான்கு மேற்கோள் இருக்கிறது, ஐந்தாவதுக்கு ஐந்து இல்லை, எச் நான்கு. வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி அது ஐயாயிரம் முறை மேற்கோள் பெற்றாலும் எச் ஒன்றுதான். வயது கூடக் கூட இது ஏறும், இறங்கவே இறங்காது, செத்த பிறகும் ஏறும். முப்பத்தைந்து வயது மருத்துவரையும் அறுபது வயது மருத்துவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். இம்பாக்ட் ஃபேக்டர் ஆளுக்கோ கட்டுரைக்கோ உரியதே இல்லை, அது ஆய்விதழின் சராசரி. முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்கு இந்த வருடம் வந்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. வகுப்புச் சராசரியை வைத்து ஒரு பையனின் மார்க்கைச் சொல்ல முடியுமா?

எண்கள் குறைவதிலும் ஒரு சேதி உண்டு. ஏபிவிடியைப் பற்றிய முதல் கட்டுரை 1975இல் வந்தது. ஹாட்ஜ்கின் நோய்க்கு இது உலகம் முழுக்க வழக்கமான சிகிச்சையானபின் பலரும் அந்த மூலக் கட்டுரையைத் தேடிப் போய் மேற்கோள் காட்டுவதில்லை, வெறுமனே ஏபிவிடி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இட்லி மாவு அரைக்கும்போது யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கிறோமா என்ன.

எட்டாம் படி: ரத்தாகிவிட்டதா?

தவறோ முறைகேடோ தெரிந்தபின் வெளியான கட்டுரையையே திரும்பப் பெற்றுவிடுவது உண்டு, ரிட்ராக்ட் ஆனது என்பார்கள். இதைச் சரிபார்ப்பதை முதல் படியாகவே வைத்திருக்கலாம், ஆனால் மேலே உள்ளதெல்லாம் புரிந்தபின் சொன்னால்தான் உறைக்கும்.

கூடுதல் டோஸ் நல்லது என்ற நம்பிக்கை எண்பதுகளில் வளர்ந்தது, 1981 கட்டுரையும் அதற்கு ஓர் ஊட்டம். எலும்பு மஜ்ஜையே அழிந்துபோகும் அளவுக்குக் கீமோ கொடுத்து, முன்பே எடுத்து வைத்த அவரவர் ஸ்டெம் செல்லைத் திரும்பச் செலுத்துவது என்பது வரை போனார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வெர்னர் பெஸ்வோடா 1995இல் இதற்கு அற்புதமான பலன் என்று எழுதினார், நூற்றுக்கணக்கில் மேற்கோள் வந்தது. 1999இல் அட்லாண்டாவில் நடந்த பெரிய மாநாட்டில் மற்ற குழுக்கள் எல்லாம் தெளிவான பலன் இல்லை என்று சொன்னபோது இவர் மட்டும் இன்னொரு சோதனையைக் காட்டிப் பலன் உண்டு என்றார். அமெரிக்காவிலிருந்து ஒரு குழு 2000இல் நேரே போய்ப் பதிவேடுகளைக் கேட்டது. பல நோயாளிகளின் பதிவேடு இல்லை, ஒப்புதல் படிவம் இல்லை. மாநாட்டில் சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார், வேலை போனது, 1995 கட்டுரையும் 2001இல் திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையில் எத்தனை பெண்கள் அந்தச் சிகிச்சையின் கொடுமையைத் தாங்கினார்கள் என்பதை எந்த சைட்டேஷன் கணக்கும் சொல்லாது.

இன்னொன்று அமெரிக்காவில், டியூக் பல்கலைக்கழகத்தில். கட்டியின் மரபணு வடிவத்தைப் பார்த்து எந்தக் கீமோ கேட்கும் என்று சொல்லிவிடலாம் என அனில் பொட்டியின் குழு 2006இல் நேச்சர் மெடிசின் ஆய்விதழில் எழுதியது. அதை நம்பி நோயாளிகளிடம் சோதனைகளும் தொடங்கின. டெக்சாஸில் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதே தரவை எடுத்துக் கணக்குப் போட்டால் ஒன்றும் பொருந்தவில்லை. மரபணுப் பட்டியல் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்தது, மருந்துக்குக் கேட்பவை, கேட்காதவை என்ற அடையாளங்கள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. எக்செல் தாளில் ஒரு வரி நகர்வது யாருக்கும் நடக்கும், நானும் செய்திருக்கிறேன், ஆனால் சுட்டிக்காட்டியவர்களை வருடக்கணக்கில் அலைய விட்டார்கள். 2011இல்தான் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, 2015இல் அரசு விசாரணை அமைப்பு பொட்டி முறைகேடு செய்ததாகவே முடிவுக்கு வந்தது.

என் கதையும் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் ஒரு ஜர்னல் கிளப்பில் இருபது நிமிடம் ஒரு கட்டுரையைப் புகழ்ந்து பேசி முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், இது போன வருஷமே ரிட்ராக்ட் ஆயிடுச்சு" என்றாள். நான் பிரின்ட் எடுத்து வைத்திருந்த பழைய கோப்பில் அது எப்படித் தெரியும்? அதனால் எப்போதும் பப்மெட் பக்கத்தையே திறந்து பாருங்கள், ரத்தான கட்டுரை என்றால் மேலேயே எச்சரிக்கை இருக்கும். ரத்தான கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் ஆசிரியர் பெயரைப் போட்டுப் பாருங்கள், அது இலவசம். பப்பியர் தளத்தில் யாராவது படத்தையோ கணக்கையோ கேள்வி கேட்டிருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை. ரத்தான பிறகும் ஒரு கட்டுரைக்கு மேற்கோள் வந்துகொண்டேதான் இருக்கும், என்னைப் போல பழைய பிரின்டை வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இருக்கும்வரை.

கணக்கில் வராதவர்கள்

இது படி இல்லை, ஒரு குறிப்பு. சிஎம்எஃப்பில் இருக்கும் 'எம்', மெத்தோட்ரெக்சேட், எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் 1948 ஜூனில் போஸ்டனின் சிட்னி ஃபார்பர் எழுதிய கட்டுரையில் போய் நிற்பீர்கள். ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், 10 பேருக்குத் தற்காலிகமாகக் குணம் தெரிந்தது. அந்த மருந்தைச் செய்து கொடுத்தது லெடர்லி ஆய்வகத்தில் யெல்லப்பிரகட சுப்பாராவின் குழு, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். ஐந்து ஆசிரியர் பெயர்களில் அவர் பெயர் இல்லை. மெத்தோட்ரெக்சேட்டும் அதே குழுவிலிருந்துதான். இன்றைக்குக் கணினி சுப்பாராவுக்கு அள்ளிக் கொடுக்கும் சைட்டேஷன்கள் 1925இல் பாஸ்பரஸ் அளக்கும் முறையைப் பற்றி ஃபிஸ்கேவோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு. பாருங்கள், மறுபடியும் கருவிதான்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எண்பதுகளிலிருந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. முன்பு ஐந்தில் ஒரு குழந்தைகூடத் தேறாத இடத்தில் பாதிக் குழந்தைகள்வரை தேறினார்கள். அதைப் பற்றிய தொகுப்பு 2005இல் வந்தது. மிலான் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் மேற்கோள் எண்ணிக்கை ஒன்றுமே இல்லை.

என் தங்கைக்குக் கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். மருத்துவரைப் பார்க்கும்போது சைட்டேஷனைக் கேட்காதே, மருந்துக் கூட்டின் பெயரை எழுதி வாங்கு. எந்தச் சோதனையை வைத்து இதைக் கொடுக்கிறீர்கள், அம்மாவைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்குக் கூடுதலாகப் பலன், டோஸ் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள், இதை மட்டும் கேள். அந்த நாலாயிரக்காரர் பொறுமையாகவே பதில் சொன்னாராம். ஆனால் அவர் மருத்துவமனைக்குப் போக இரண்டரை மணி நேரம் ஆகிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வாந்தியும் காய்ச்சலுமாகச் சித்தியை அவ்வளவு தூரம் கூட்டிப்போக ஆள் இல்லை. அதே மருந்துக் கூட்டை அதே அளவில் கொடுக்க ஒப்புக்கொண்ட பக்கத்து ஊர் மருத்துவரிடம் இப்போது இரண்டாவது சுற்று முடிந்திருக்கிறது. அவருக்குக் கூகுள் ஸ்காலரில் பக்கமே இல்லை.